நான்கு கூப்பன்களும் ஒரு ரசீதும்

சேர்வராயன் கோயிலுக்குள் நிமிர்ந்து போக முடியாது. குகையின் கூரை அவ்வளவு தாழ்வு. குனிந்து உள்ளே போனால் எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் சேர்வராயனும் காவேரி அம்மனும் தெரிவார்கள். இந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று மலைக்காரர்கள் நம்புகிறார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலைக் கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் திரண்டு வருவார்கள். மற்ற மாதங்களில் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி ஏற்காட்டுக்கு வருகிறவர்கள், ஏரியைப் பார்த்த கையோடு இங்கேயும் ஏறி ஒரு சூடம் ஏற்றிவிட்டுப் போவார்கள். 5,300 அடிக்கு மேலே, மேசை போல் விரிந்த புல்வெளி. காற்றுக்குத் தடுப்பே கிடையாது.

தை மாதத்து வெயில் சுகமாக இருந்தது. சாமி கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தவன், கோயில் சாலையோரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு பலகைக் கடை. காபித்தூள், மிளகு, கிராம்பு, வீட்டுச் சாக்லேட், வாசலில் ஒரு கூடை ஆரஞ்சு. பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி போடும் ஒரு அம்மா. காபிப் பழம் பறிக்கிற பருவம் என்பதால் சாக்கு மூட்டைகளோடு ஒரு டெம்போ முக்கிக்கொண்டு போனது. அது கிளப்பிய செம்மண் அடங்குவதற்குள் ஒரு காரிலிருந்து வயதான தம்பதியர் இறங்கினார்கள்.

"வாங்க டீச்சர்! சார், வாங்க" என்று கடைக்கார அக்கா எழுந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையை இழுத்துச் சொருகியிருந்தார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பையன் மடிக்கணினியில் பில் போட்டுக்கொண்டிருந்தான். அவரை அவன் அத்தை என்று அழைத்ததிலிருந்து அண்ணன் மகன் என்று புரிந்தது. சேலத்தில் பி.காம் படிக்கிறானாம், லீவுக்கு வந்திருக்கிறான்.

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். அதற்குள் நான்கு கூப்பன்கள். தபால் அட்டை அளவில் கெட்டி மஞ்சள் காகிதம், மூலையில் மிளகுக் கொடிப் படம், நடுவில் "ரூ.500" என்ற கொட்டை எழுத்து. கீழே "ஓராண்டுக்குள் கடையில் எந்தப் பொருளும் வாங்கிக்கொள்ளலாம்" என்று அச்சு. ரப்பர் முத்திரை ஒரு பக்கம் மை அதிகமாகி அப்பியிருந்தது. போன ஆகஸ்டில் டீச்சர் ஓய்வுபெற்றபோது பள்ளிக்கூடத்துச் சக ஆசிரியைகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்ததாம்.

"பணமா குடுத்தா நான் வாங்க மாட்டேன்னு தெரியும். அதான் இப்படிக் குடுத்துட்டாளுங்க" என்றார் டீச்சர். சொல்லும்போது குரல் லேசாகக் கரகரத்தது.

பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அரை கிலோ காபித்தூள், கால் கிலோ மிளகு, பேரனுக்குச் சாக்லேட், ஒரு கிலோ ஆரஞ்சு. பையன் கணக்குப் போட்டான். 380, 260, 250, 110. சரியாக ஆயிரம் ரூபாய். இரண்டு கூப்பன்களை வாங்கிக்கொண்டு பில்லைக் கிழித்துக் கொடுத்தான்.

டீச்சர் கணக்கு டீச்சர் போலிருக்கிறது. கண்ணாடியை இறக்கிப் பில்லை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு கவருக்குள் கையை விட்டு இன்னொரு தாளை எடுத்தார். துருப்பிடித்த குண்டூசியில் குத்திவைத்திருந்த ரசீது அது, ஆகஸ்டில் கூப்பன் வாங்கியபோது போட்டது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஏம்மா, அன்னைக்கு நாலு கூப்பனுக்கு ரெண்டாயிரம், அதுக்கு மேல ஜி.எஸ்.டி. பதினெட்டு பர்சென்ட் முந்நூத்தி அறுபதுன்னு போட்டு ரெண்டாயிரத்து முந்நூத்தி அறுபது வாங்கியிருக்கீங்க. இன்னைக்கும் இந்தப் பில்லுல ஜி.எஸ்.டி. இருக்கு. ஒரே பொருளுக்கு ரெண்டு வாட்டி வரியா?"

குரலில் சண்டையில்லை. வகுப்பில் பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைக்கிற தொனி.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "கணக்கு எழுதுறவரு அப்படித்தான் போடணும்னு சொன்னாருங்க டீச்சர். நம்பர் வாங்கினதுக்கப்புறம் எதை வித்தாலும் வரி போடலைன்னா நோட்டீஸ் வரும்னாரு. நான் அந்தக் காசை எடுத்துக்கலைங்க. அந்த மாசமே கட்டிட்டேன்."

அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. பெங்களூருக்குக் காபித்தூள் பார்சல் அனுப்புவதால்தான் அவர் ஜி.எஸ்.டி. எண் வாங்கியிருக்கிறார். மாநிலம் தாண்டிச் சரக்கு விற்றால் வியாபாரம் எவ்வளவு சிறிதானாலும் பதிவு கட்டாயம். எண் வந்த நாள் முதல், எங்கே தப்பு நேருமோ என்ற பயமும் கூடவே வந்துவிடுகிறது. அதிகமாகக் கட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள், குறைவாகக் கட்டினால்தான் கேட்பார்கள் என்ற கணக்கில், சிறு கடைக்காரர்கள் கட்ட வேண்டாததையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பணம் கடைசியில் வாங்குகிறவரின் கையிலிருந்துதான் போகிறது. அந்த 360 ரூபாயை ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டிருக்கிறார்கள்.

பையன் அந்தப் பழைய ரசீதை வாங்கிப் பார்த்தான்.

"அத்தை, இது தப்பு. கூப்பனுக்கு வரி கிடையாது. கூப்பனைக் குடுத்து டீச்சர் என்ன பொருள் எடுக்குறாங்களோ அதுக்கு மட்டும்தான் வரி."

"அப்ப அன்னைக்கு வாங்கின ரெண்டாயிரம்?"

"அது அவங்க நம்மகிட்ட குடுத்து வச்ச பணம். நாம பொருள் குடுக்க வேண்டிய கடன். கடனுக்கு யாராவது விற்பனை வரி போடுவாங்களா?"

அக்கா பதில் சொல்லவில்லை. டீச்சர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டார். சார் மட்டும் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர்ந்தார்.

பையன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான். "இந்தக் கடையிலயே எத்தனை வரி இருக்குன்னு பாருங்க அத்தை" என்று எழுத ஆரம்பித்தான். ஆரஞ்சுக்கு வரியில்லை. வறுக்காத காபிக் கொட்டைக்கும் வரியில்லை. அதையே வறுத்து அரைத்தால் 5 சதவீதம். காய்ந்த மிளகுக்கு 5. மேல் தட்டிலிருந்த சென்ட் பாட்டிலுக்கு 18. குளிர்பெட்டியில் இருந்த சோடா கலந்த பானத்துக்கு 40.

"கூப்பனை விக்கிற அன்னைக்கு, டீச்சர் ஆரஞ்சு வாங்குவாங்களா சென்ட் வாங்குவாங்களான்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதப்ப எந்த வரியைப் போடுவீங்க?"

விஷயத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். ஒரு கூப்பனுக்குள் என்ன பொருள் இருக்கிறது என்று அது பொருளாக மாறுகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆகஸ்டுக்கும் தைக்கும் நடுவில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்கள் மாறின. சாக்லேட்டுக்கு இருந்த 18 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. டீச்சர் எடுத்த 250 ரூபாய்ச் சாக்லேட்டில், வரியும் சேர்ந்த விலை என்று வைத்துக்கொண்டால், ஆகஸ்டில் 38 ரூபாய் 14 காசு வரியாக இருந்திருக்கும். இன்றைக்கு 11 ரூபாய் 90 காசு. பொருள் கைமாறும் நாளின் விகிதம்தான் கணக்கு என்பதால், பேரனுடைய சாக்லேட்டுக்கு இன்றைய வரிதான் சேரவேண்டும். ஆகஸ்டிலேயே குத்துமதிப்பாகப் பதினெட்டு போட்டது எந்தக் கணக்கிலும் பொருந்தாது.

இன்றைய பில்லைப் பையன் டீச்சருக்கு விளக்கினான். ஆரஞ்சு நீங்கலாக 890 ரூபாய்ப் பொருளுக்கு விலைக்குள்ளேயே அடங்கிய வரி 42 ரூபாய் 38 காசு. மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி. "இந்த நாப்பத்திரெண்டு ரூபாதான் நியாயமான வரி டீச்சர். மத்தது வரியே இல்லை." டீச்சர் மனக்கணக்காகவே சரிபார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

பையன் சொல்லாமல் விட்ட வரலாறு ஒன்று உண்டு. இந்தக் குழப்பத்தை ஏற்காட்டு அக்காவின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பெரிய நகைக் கடைகளே இதில் வருடக்கணக்கில் சிக்கித் தவித்திருக்கின்றன. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வந்தபோதே சட்டத்தில் வவுச்சருக்கென்று, அதாவது இதுபோன்ற கூப்பனுக்கென்று, தனிப் பிரிவு இருந்தது. இன்ன பொருளுக்கு என்று தெரிந்த கூப்பனானால் விற்ற நாளில் வரி, தெரியாததானால் அதைக் கொடுத்துப் பொருள் வாங்கும் நாளில் வரி என்றது அது. அதன்படி பார்த்தால், "எந்தப் பொருளும்" என்று அச்சடித்த இந்த மஞ்சள் கூப்பனுக்கு ஆகஸ்டிலும் வரி வந்திருக்கக் கூடாது. ஆனால் அதிகாரிகள் அந்தப் பிரிவை அப்படி மட்டும் படிக்கவில்லை. கல்யாண் ஜுவல்லர்ஸ் தன் பரிசு வவுச்சர்களைப் பற்றி விளக்கம் கேட்டுப் போனபோது, தமிழ்நாட்டின் முன்தீர்ப்பு ஆணையம் 2019-ல் வவுச்சரே ஒரு சரக்கு என்று சொல்லிவிட்டது. காகிதமானால் 12 சதவீதம், காந்தப்பட்டை கொண்ட அட்டையானால் 18 சதவீதம். அச்சிட்ட காகிதத்தை விற்கிறாய், அதற்கு வரி கொடு என்பதுதான் இதன் பொருள். 500 ரூபாய் நோட்டைக் கொடுத்து ஐந்து 100 ரூபாய் நோட்டு வாங்குகிறவனிடம் நோட்டு அச்சிட்ட காகிதத்துக்கு வரி கேட்டால் எப்படியிருக்கும்?

மேல்முறையீட்டு ஆணையம் 2021-ல் அந்தக் கருத்தை மாற்றியது. வவுச்சர் சரக்கும் இல்லை, சேவையும் இல்லை என்றது. ஆனாலும் வரி எந்த நாளில் என்ற சிக்கல் தீரவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 நவம்பரில் வந்த தீர்ப்பு, பரிசு வவுச்சர் என்பது பின்னாளில் பொருளாகக் கேட்டுப் பெறும் ஓர் உரிமை, பொதுவான வவுச்சருக்கு வரி அதைக் கொடுத்து நகை வாங்கும் நாளில்தான் என்று தெளிவாக்கியது. அதே ஆண்டு ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றமும் வவுச்சரைச் சரக்காகவோ சேவையாகவோ எண்ணக் கூடாது என்று சொல்லியிருந்தது. அதற்கும் முன்னால், ஜி.எஸ்.டி. வராத காலத்தில், அலுவலகங்கள் தரும் சாப்பாட்டு வவுச்சர்கள் சரக்கு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொடெக்ஸோ வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

கடைசியில் 2024 டிசம்பர் 21-ல் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 55-வது கூட்டம் முடிச்சை அவிழ்த்தது. வவுச்சரை வாங்குவதும் விற்பதும் சரக்கு விற்பனையும் ஆகாது, சேவையும் ஆகாது, குழப்பம் தந்த பிரிவுகளை நீக்கிவிடலாம் என்று பரிந்துரைத்தது. டிசம்பர் 31-ல் சுற்றறிக்கை வந்தது. 2025 நிதிச் சட்டம் அந்தப் பிரிவுகளை எடுத்தே விட்டது. ஏழு ஆண்டுக் குழப்பத்துக்குப் பிறகு கிடைத்த தெளிவு இது. சேர்வராயன் மலை மேல் அது இன்னும் ஏறிவரவில்லை.

நான் இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கடையில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"கீழே ஹோம்ஸ்டே வச்சிருக்காரே, அவரும் நம்ம கூப்பனை வித்துத் தரேங்கிறாரு. அதுக்கு என்னடா கண்ணு?" என்றார் அக்கா.

பையன் கொஞ்சம் யோசித்துச் சொன்னான். ஹோம்ஸ்டேக்காரர் தன் பணத்தைப் போட்டு 450 ரூபாய்க்கு வாங்கி 500-க்கு விற்றுக்கொண்டால் அந்த லாபத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அக்காவுக்காக விற்றுக் கொடுத்து, கமிஷன் வாங்கினால் கமிஷன் சேவைக்கான கூலி, அதற்கு வரி உண்டு. விற்ற கூப்பனை யாரும் கொண்டுவராமலே ஓராண்டு முடிந்து போனால் தங்கிவிட்ட பணத்துக்கும் ஜி.எஸ்.டி. இல்லை, பொருளே கைமாறவில்லையே. வருமானக் கணக்கில் மட்டும் காட்ட வேண்டும்.

"ஆனா அத்தை, ஹோம்ஸ்டேல பொங்கலன்னைக்கு இந்த ரூம்புன்னு சொல்லி அட்வான்ஸ் வாங்கினா அது கூப்பன் இல்லை. சேவைக்கு முன்பணம் வாங்கினா வாங்கின அன்னைக்கே வரி. நம்ம மாதிரி சரக்கு விக்கிறவங்களுக்கு முன்பணத்துக்கு வரி கிடையாது." 2017 நவம்பர் 15-லேயே சரக்குக்கான முன்பணத்துக்கு விலக்கு வந்துவிட்டது. தேதி சொல்லாவிட்டாலும் பையன் விஷயத்தைச் சரியாகச் சொன்னான். நன்றாகப் படிக்கிற பிள்ளை.

பஜ்ஜி அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். "ஏந்தம்பி, நானும் பத்து பஜ்ஜி கூப்பன்னு அடிச்சு விக்கலாம்னு இருந்தேன். எனக்கு நம்பரே இல்லையே, பரவால்லையா?"

"நல்லா அடிங்கம்மா. நம்பர் இல்லாதவங்க வரின்னு ஒரு ரூபாகூட வாங்கக் கூடாது. கூப்பன்லயும் பில்லுலயும் ஜி.எஸ்.டி.ன்னு எழுதிடாதீங்க, அவ்வளவுதான்."

அதுவும் சரிதான். சேவையானால் ஆண்டுக்கு 20 லட்சம், சரக்கு மட்டும் விற்றால் 40 லட்சம் ரூபாய் வரை மாநிலத்துக்குள்ளேயே வியாபாரம் செய்கிறவர்கள் பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு செய்யாதவருக்கு வரி வசூலிக்கும் உரிமையும் இல்லை. தொகுப்பு வரி (காம்போசிஷன்) திட்டத்தில் இருக்கும் கடைக்காரரும் வாங்குகிறவரிடம் தனியாக வரி கேட்கக் கூடாது. கோயில் தருகிற பிரசாதத்துக்கும் வரியில்லை. இத்தனைக்கும் மத்தியில் கொஞ்சம் பெரிய பலகை வைத்த கடையில் எதற்கும் ஜி.எஸ்.டி. என்று போட்டால் நாம் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அக்கா கல்லாவைத் திறந்தார். மூன்று நூறு, ஒரு ஐம்பது, ஒரு பத்து. எண்ணி டீச்சரிடம் நீட்டினார்.

"வேண்டாம்மா, நீங்கதான் கட்டிட்டீங்களே" என்றார் டீச்சர்.

"கட்டினது என் தப்பு டீச்சர். உங்க ஸ்கூல்காரங்க காசு. நீங்க கொண்டுபோய் அவங்ககிட்டயே குடுத்துடுங்க."

கட்டிய வரியைச் சரிசெய்ய வழியுண்டா என்று டீச்சர் கேட்டதற்கு, கிரெடிட் நோட் போட்டுக் கழிக்கலாம், அந்த ரசீதுக்கு வருகிற நவம்பர் 30 வரை கெடு இருக்கிறது, பணத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும், ஆடிட்டரைக் கேட்டுவிட்டே போடுகிறேன் என்றான் பையன். டீச்சர் அந்த வெள்ளைத் தாளின் பின்பக்கத்தில் "ரூ.360 திரும்பப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். முத்து முத்தான எழுத்து. எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய கையோ.

பிறகு அக்கா கூப்பன் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். பத்திருபது தாள்கள் மீதி இருந்தன. ஒவ்வொரு தாளிலும் அடியில் "ஜி.எஸ்.டி. 18%" என்று அச்சாகியிருந்தது. ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினார். ஒரு தாள்கூட விடவில்லை. பையன் ஒரு பழைய டைரியைத் தேடியெடுத்து, முதல் பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டான். கூப்பன் எண், விற்ற தேதி, தொகை, பொருள் எடுத்த தேதி, பொருள் பில் எண். முதல் இரண்டு வரிசையில் இன்றைய கூப்பன்களை எழுதினான். டீச்சரிடம் மீதியிருக்கும் இரண்டு கூப்பன்களுக்கு நாலாவது, ஐந்தாவது கட்டம் காலியாகவே இருந்தது.

நான் எழுந்தேன். கடையில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அந்தப் பையன் சொன்னதைவிட எளிதாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரிசுக் கூப்பன் வாங்கும்போது ரசீதை ஒரு முறை படித்துப் பாருங்கள். கூப்பன் தொகைக்கு மேல் வரி போட்டிருந்தால், கோபப்படாமல், டீச்சர் கேட்ட மாதிரிக் கேளுங்கள். கடைக்காரர்களே, கூப்பனுக்கென்று ஐந்து கட்டம் போட்ட ஒரு டைரி வையுங்கள், வரியைப் பொருள் பில்லில் மட்டும் போடுங்கள். வணிகவரித் துறையும் வணிகர் சங்கங்களும் இந்த நாலு விஷயத்தை ஒரே பக்கத்தில் நல்ல தமிழில் அச்சடித்து ஒவ்வொரு சிறு கடைக்கும் கொண்டுவந்து தர வேண்டும். ஏற்காட்டுக்கும் அது வரவேண்டும், சேர்வராயன் கோயில் சாலைக்கும் வரவேண்டும்.